720 அடி போர் வற்றுகிறது. 1,200 அடிக்கு இறக்கினால் தண்ணீர் வருமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பல்லடம் பக்கம் நான்கு ஏக்கர், 280 தென்னை. 85 அடிக் கிணறு 2017 கோடையிலிருந்து வறண்டு கிடக்கிறது. 2019-இல் போட்ட 720 அடி போரில் அன்றைக்கு ரெண்டு இஞ்ச் தண்ணீர் என்றார்கள். இன்றைக்கு மோட்டார் போட்டால் நாற்பது நிமிடத்தில் காற்று அடிக்கிறது. அதற்குள் ரெண்டாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பும். மறுபடி ஓட்ட நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கையில் இருப்பது மூன்றரை லட்சம். அதே போரை 1,200 அடிக்கு இறக்குவதா, தேங்காய் வைத்துப் பார்ப்பவர் காட்டிய வடமேற்கு மூலையில் புதிதாகப் போடுவதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் "வீட்டில் குடிக்கவும் இதுதான்" என்று ஒரு வரி. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எத்தனை அடி என்பதை விட, அடியில் நமக்கென்று தண்ணீர் காத்திருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நிலத்தடி நீர் ஆய்வில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். பாதிக் காலம் கோவை, ஈரோடு, தருமபுரிப் பாறைகளோடுதான் போனது. அந்த அனுபவத்தில் தயங்காமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நம் பகுதிப் பாறையில் ஆழம் போனால் புதுத் தண்ணீர் கிடைப்பதில்லை. மேலே ஊறிய அதே தண்ணீரை இன்னும் கீழே இருந்து இழுக்கிறோம், அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கெட்டிப் பாறை. கொங்குப் பகுதி முழுக்க நைஸ், கருங்கல், சார்னோகைட் என்று பழைய பாறைகள். டெல்டாவில் இருப்பதுபோல மணலும் களியும் அடுக்கடுக்காகக் கிடந்து, ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியாகத் தண்ணீர் நிற்கிற அமைப்பு இங்கே கிடையாது. மேலே மண், அதன்கீழ் கைக்கோடாலிக்கே உதிரக்கூடிய சிதைந்த பாறை ஐம்பது அறுபது அடி, அதன்கீழ் விரிசல் விட்ட பாறை, அப்புறம் மூடிய கெட்டிப் பாறை. தண்ணீர் சேர்ந்து நிற்கும் இடம் அந்தச் சிதைந்த அடுக்குதான். கீழே உள்ள விரிசல்கள் அதிலிருந்து வடிந்து வரும் வழிகள். மேலேயுள்ள பாறையின் பாரம் அழுத்துவதால் ஆழம் போகப்போக விரிசல்கள் இறுகும், எண்ணிக்கையிலும் குறையும். உங்கள் 85 அடிக் கிணறு தோண்டியவர்கள் சும்மா அந்த ஆழத்தில் நிறுத்தவில்லை. சிதைந்த அடுக்கு முடிந்து வெடி வைத்தாலும் பெயராத பாறை வந்ததால் நின்றிருக்கிறார்கள். அந்தக் கிணறு வறண்டிருப்பதற்குப் பொருள், தொட்டி காலி என்பது. போர் என்பது தொட்டியின் அடியில் செருகிய குழாய்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு ஏக்கர் என்றால் ஏறத்தாழ 16,000 சதுர மீட்டர். சிதைந்த அடுக்கில் 15 மீட்டர் நனைந்திருந்து, அதில் வடிந்து வரக்கூடிய நீர் இரண்டு சதவீதம் என்று வைத்தால் (இந்த மாதிரிப் பாறைக்கு ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை எடுப்பது வழக்கம்), உங்கள் நிலத்தடியில் நிரம்பிய நிலையில் கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர் நிற்கும். இப்போது போரை 720-லிருந்து 1,200 அடிக்கு இறக்குகிறீர்கள். ஆறரை இஞ்ச் துளையில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் பிடிக்கும். கூடுதலாக 480 அடிக்கு மூவாயிரம் லிட்டர் சொச்சம். விரிசல் எதுவும் குறுக்கே வராவிட்டால், நீங்கள் அத்தனை பணத்துக்கும் வாங்கியது மூவாயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள மெல்லிய, நீண்ட ஒரு தொட்டி. முதல் நாள் ஓட்டும்போது மோட்டார் நாற்பது நிமிடத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஊரே வந்து பார்க்கும். ஒரு வாரத்தில் பழைய கதை. நாள் முழுக்க ஊறி வருவது கூடியிருக்காது.

இஞ்ச் பற்றியும் ஒரு வார்த்தை. ரிக் வண்டிக்காரர் ஒரு இஞ்ச், ஒன்றரை, ரெண்டு என்று சொல்வது வி-நாட்ச் அளவு. தொண்ணூறு டிகிரியில் வெட்டிய தகட்டின் வழியாகத் தண்ணீர் வழியும்போது வெட்டின் அடியிலிருந்து எத்தனை இஞ்ச் உயரம் நிற்கிறது என்பது. ஒரு இஞ்ச் என்றால் மணிக்கு ஏறக்குறைய 500 லிட்டர். ரெண்டு இஞ்ச் அதைப்போல ரெண்டு மடங்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஐந்தரை மடங்குக்கு மேல், மணிக்கு 2,800 லிட்டருக்கும் அதிகம். மூன்று இஞ்ச் எட்டாயிரத்தை நெருங்கும். ஆகவே "ரெண்டு இருந்தது, ஒன்றாகிப் போச்சு" என்பது பாதியாகக் குறைந்ததல்ல, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அதோடு, துளை போட்ட அன்று கம்ப்ரசர் காற்று தள்ளும்போது பார்க்கிற இஞ்ச், பல வருடமாக விரிசலில் தங்கியிருந்த நீரையும் சேர்த்துக் காட்டும். அதை நம்பித் தென்னை வைக்கக் கூடாது. உங்களுக்கு இப்போது வருவதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: நான்கே முக்கால் மணி நேரத்துக்கு ரெண்டாயிரம் லிட்டர். மணிக்கு நானூறு சொச்சம், நாளுக்குப் பத்தாயிரம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அடுத்தது வரவு. உங்கள் பக்கம் மேற்கு மலையின் மழை மறைவு. வருடத்துக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர். 650 என்று வைத்தால் நான்கு ஏக்கரில் விழுவது ஒரு கோடியே ஐந்து லட்சம் லிட்டர். பெரிய எண்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடி வழியாகவும் திரும்பப் போய்விடும், கொஞ்சம் ஓடையில் ஓடிவிடும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கீட்டு முறையில் சிதைந்த நைஸ், கருங்கல் பகுதிக்கு மழையில் 11 சதவீதம் கீழே இறங்கும் என்று எடுக்கிறார்கள். களிமண் அதிகமாக இருந்தால் 8. உங்கள் நிலத்துக்கு வருடத்துக்கு எட்டரை முதல் பதினொன்றரை லட்சம் லிட்டர். இப்போது செலவு. சொட்டுநீரில் ஒரு தென்னைக்கு நாளுக்கு 70 லிட்டர் என்றால் கோடையில் அது தாராளம் இல்லை. 280 மரத்துக்கு நாளுக்கு இருபதாயிரம் லிட்டர் ஆகிறது. உங்கள் நிலத்தில் விழுந்து ஊறுகிற மழை, உங்கள் தோப்புக்கு நாற்பதிலிருந்து அறுபது நாள்.

மீதி நாள் எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தோட்டத்திலிருந்து, ஓடையிலிருந்து, ஊர்க் குளத்திலிருந்து, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்ட காலங்களில் அதன் கசிவிலிருந்து. உங்கள் தாத்தா காலத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி இறைத்தார். மாடு களைத்தால் இறைப்பு நின்றது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபின் அந்த நிறுத்தம் போய்விட்டது. விவசாயிக்கு அது தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் தூக்க, மோட்டாரின் விரயத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ரெண்டு யூனிட் ஆகும். அதற்குப் பில் வந்திருந்தால் இத்தனை ஆழத்தில் தென்னைக்குத் தண்ணீர் எடுப்பதை யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் (வருவாய்க் குறுவட்டங்களில்) 462 அதிநுகர்வு என்று வந்தது. அதாவது ஊறுவதைவிட எடுப்பது அதிகம். அதற்கு முந்தைய 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. உங்கள் கிணறு 2017-இல் வறண்டது தற்செயல் இல்லை. தவறியது ஒரு மழை, ஆனால் அதற்குமுன் முப்பது வருடம் சேமிப்பைக் கரைத்திருந்தோம்.

சரி, ஆழத்தில் தண்ணீரே கிடைக்காதா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. இங்கேதான் உறுதி முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. பாறையில் மைல் கணக்கில் நீளும் பெரிய முறிவுகள் உண்டு. அப்படி ஒன்றின் மேல் துளை விழுந்து, அந்த முறிவு எங்கோ ஒரு குளத்தோடோ வாய்க்காலோடோ தொடர்பில் இருந்தால், 900 அடியிலும் நல்ல தண்ணீர் வரும், வருடக்கணக்கில் நிற்கவும் செய்யும். நானே பார்த்திருக்கிறேன். பார்த்ததில் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் விரல் கொஞ்சம்தான் மடங்கும். அதை வைத்துச் சதவீதம் சொல்வது நேர்மையாக இருக்காது.

அவிநாசிக்குத் தெற்கே ஒருமுறை இரவு ரிக் வண்டி ஓடும்போது கூட இருந்தேன். பங்காளிகள் இரண்டு பேரின் தோட்டம், நடுவில் ஒரு வேலி. ஒருவரின் 800 அடி போர் நின்றுபோய், அவர் 1,050-க்கு இறக்கிக்கொண்டிருந்தார். ராடு ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட வாயில் வெள்ளைப் புழுதி புகைபோலப் பறக்கிறது. மரத்தின் இலையெல்லாம் மாவு கொட்டியதுபோல ஆகிவிட்டது. 930 அடியில் புழுதி சட்டென்று நிறம் மாறிக் கருத்தது, உருண்டை உருண்டையாக விழுந்தது, ஈரம். டிரில்லர் கையைத் தூக்கி "கேப்பு விழுந்துருச்சுங்க" என்றார். துளை ஒரு விரிசலைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஒன்றேகால் இஞ்ச் வந்தது. பாயசம் வைக்கச் சொல்லி வீட்டுக்கு ஆள் போனது. நாலாவது மாதம் வேலிக்கு அந்தப்பக்கத்துப் பங்காளியின் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று செய்தி. அவர் 1,200 போட்டார். இவருடையது அடுத்த கோடையில் நின்றது. இரண்டு பேரும் ஒரே விரிசலில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். இது ஒரு கதை, சட்டம் இல்லை. ஆனால் இதே கதையை ஆள் மாற்றி ஊர் மாற்றி நிறையத் தடவை கேட்டுவிட்டேன்.

தேங்காய், வேப்பங்குச்சி, சாவிக்கொத்து பற்றி. உங்கள் அப்பாவுக்கு அவர்மேல் நம்பிக்கை என்று எழுதியிருந்தீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் மனதார நம்பித்தான் செய்கிறார்கள். கண்ணுக்குக் குறிப்புத் தெரியாதபடி வைத்துச் செய்த சோதனைகளில் இந்த முறை தற்செயலைத் தாண்டி நிற்கவில்லை. பழைய காலத்தில் அவர்கள் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்ததற்குக் காரணம், அறுபது அடியில் எங்கே தோண்டினாலும் கொஞ்சமாவது வந்ததுதான். அனுபவசாலி ஒருவர் பள்ளம், புற்று, பசுமையான மரம், ஓடையின் வளைவு இதையெல்லாம் தன்னையறியாமல் கவனித்திருப்பார். 900 அடிக்குக் கீழே அந்தக் கவனிப்பு உதவாது.

மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. என் தொழில் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மின்தடை ஆய்வில் தரைக்குள் மின்சாரம் செலுத்தி, பாறை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்கிறோம். சிதைந்த அடுக்கு எவ்வளவு கனம், எந்தப் பக்கம் ஆழமாக இறங்குகிறது, விரிசல் மண்டலம் இருக்கிறதா என்பதை முதல் 300, 400 அடிக்குள் ஓரளவு நம்பகமாகச் சொல்லலாம். 900 அடியில் ஒரு சாண் அகல விரிசல் இருக்கிறதா என்று தரையில் நின்றுகொண்டு எந்த மீட்டரும் சொல்லாது. ஃபோன் திரையில் நீலமும் சிவப்புமாகப் படம் காட்டி "940 அடியில் ஊற்று" என்று அடி கணக்கோடு சொல்பவரிடம் பணம் கொடுக்கும்முன், வராவிட்டால் திருப்பித் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் ரிக் வண்டிக்காரருக்கு இப்போது ஃபோன் செய்ய மாட்டேன். முதலில் இருக்கிற போரை விசாரிப்பேன். மோட்டாரை ஏற்றிவிட்டு, கேமரா இறக்கிப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். மேல்மண் சரியாமல் இறக்கியிருக்கும் கேசிங் பைப் முடியும் இடத்தில் மண் சரிந்திருக்கிறதா, எத்தனை அடிவரை தூர்ந்திருக்கிறது, எந்த அடியில் பக்கவாட்டில் தண்ணீர் வழிகிறது என்று கண்ணாலேயே தெரியும். 720 அடி போர் 600 அடிக்குத் தூர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்ரசர் வைத்துக் கழுவி விட்டதில் தண்ணீர் கூடியதும் உண்டு, ஒன்றும் ஆகாததும் உண்டு. எப்படியும் புதுத்துளைச் செலவில் ஒரு சிறு பங்குதான். கையோடு நீர்மட்டம் அளக்க ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இழை ஒயர், நுனியில் கனம், மேலே பேட்டரியும் சின்னப் பல்பும். நுனி தண்ணீரைத் தொட்டதும் எரியும். மாதம் ஒரு தடவை, மோட்டார் ஓடாத விடியற்காலையில் அளந்து காலண்டரில் எழுதுங்கள். ஒரு வருடக் குறிப்பு என் இருபத்தெட்டு வருட ஊகத்தைவிட உங்களுக்கு உதவும்.

பிறகு ஓட்டும் முறை. காற்று அடிக்கும்வரை ஓட்டி, முழுக்க நிரம்பும்வரை காத்திருப்பது நட்டம். போரில் மட்டம் கீழே இருக்கும்போதுதான் விரிசலிலிருந்து வேகமாக வரும். மட்டம் ஏற ஏற வரத்து மெதுவாகும். கடைசி ஒன்றரை மணி நேரத்தில் கொஞ்சம்தான் ஊறுகிறது. சின்ன மோட்டார், தண்ணீர் இல்லாதபோது தானே நின்றுவிடும் பேனல், ஒரு டைமர் என்று வைத்து, மும்முனை மின்சாரம் வரும் நேரம் முழுக்க ஒரு மணிக்கு ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓட்டித் தரைத்தொட்டியில் சேருங்கள். அதே போர் நாளுக்குப் பத்தாயிரத்தைவிடச் சற்றுக் கூடவே தரக்கூடும். மோட்டார் எரிவதும் குறையும்.

பத்தாயிரம் லிட்டர் என்றால் நாளுக்கு 70 வீதம் 140 மரம். உங்களிடம் 280. இது நீங்கள் கேட்க விரும்பாத இடம், தெரியும். நாற்பது வருட மரத்தை வெட்டு என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் 280 மரத்துக்குப் பாதித் தண்ணீர் விட்டால் 280-லும் குரும்பை கொட்டும். காய்ப்புக் குறைந்த, வயதான மரங்களைக் கழித்து 150-ஐக் காப்பாற்றினால் வருமானம் பாதியாகக் குறைய வேண்டியதில்லை. சொட்டுநீர் இன்னும் போடவில்லை என்றால் தோட்டக்கலைத் துறையில் கேளுங்கள். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. உரிமட்டையை விற்காமல் மரத்தைச் சுற்றி நார் மேலே பார்க்கப் புதைத்து விடுங்கள். மழையை அது பஞ்சுபோலப் பிடித்து வைக்கும். இதெல்லாம் நிலத்தடி நீரைக் கூட்டாது, செலவைக் குறைக்கும்.

வரவைக் கூட்டுவதற்கு உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து அந்த வறண்ட கிணறு. குப்பைக் குழியாக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மழை நாளில் உங்கள் தோட்டத்தில் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது என்று குடையோடு நின்று ஒருமுறை பாருங்கள். அந்த மூலையில் ஒரு குட்டை வெட்டி வண்டலைத் தங்க வைத்து, தெளிந்து வழிவதை ஜல்லி, கூழாங்கல், மணல் போட்ட ஒரு வடிகுழி வழியாகக் கிணற்றுக்குள் விடுங்கள். கலங்கல் தண்ணீர் நேரே போனால் மூன்று மழையில் கிணற்றடி விரிசலெல்லாம் களிமண்ணால் அடைத்துக்கொள்ளும். பிறகு திறக்க முடியாது. வருடம் நாலைந்து பெருமழையில் ஓடிப்போகும் நீரில் பாதியைப் பிடித்தாலும் சில லட்சம் லிட்டர். அது அத்தனையும் உங்கள் போருக்கே வருமா? வராது. கீழ்ப்பக்கத் தோட்டக்காரருக்கும் போகும். அதனால்தான் இதைத் தனியாகச் செய்வதில் பலன் குறைவு, ஓடை நெடுக நாலைந்து பேர் சேர்ந்தால் தெரியும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் பவானியின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். சராசரியாக ஒரு குட்டைக்கு நாலு கோடி லிட்டர். உங்கள் ஊர்க் குளம் அந்தப் பட்டியலில் இருந்து, தோட்டம் அதற்குக் கீழ்ப்புறம் இருந்தால், நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் உங்களுக்குச் சாதகமாக மாறும். எவ்வளவு என்பதைத்தான் அந்த மாதாந்திரக் குறிப்பு காட்டும்.

இப்போது அந்தக் கடைசி வரி. 720 அடிப் போர்த் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் என்றும் சொல்கிறீர்கள். தென்னை வாடினால் தெரியும், இது தெரியாது. கெட்டிப் பாறையில் நீண்ட காலம் தங்கிய தண்ணீரில் புளோரைடு கரைந்திருக்க வாய்ப்பு உண்டு, நிறம் மணம் ருசி எதிலும் காட்டிக்கொள்ளாது. நம் ஊரில் உப்புத் தண்ணீரைக் கண்டு பயப்படுகிறோம், சப்பென்று மென்மையாக இருந்தால் "இனிப்புத் தண்ணி" என்று கொண்டாடுகிறோம். சுண்ணாம்புச் சத்து குறைந்த, சோடியம் மிகுந்த மென்மையான தண்ணீரில்தான் புளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். ருசியை வைத்து முடிவு செய்வதில் உள்ள ஆபத்து அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் ஒன்றரை வரை. அதற்குமேல் வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் பழுப்புக் கறை, பின்னால் எலும்பு, மூட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் போட்டு 2013-இல் தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்த நாட்களில் பள்ளிக்கூட வாசலில் நின்றால் போதும், எந்தத் தெரு எந்தப் போரில் குடிக்கிறது என்று சிரிப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

உங்கள் போரில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். புளோரைடு, நைட்ரேட், மொத்தக் கரைபொருள், கடினத்தன்மை, கிருமி என்று ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது, அதற்குச் சலுகை எல்லை கிடையாது. உரமும் சாணக்குழியும் அருகில் இருந்தால் வரும், கைக்குழந்தைகளுக்குக் கெடுதல். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி போகும். புளோரைடும் நைட்ரேட்டும் போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும். இங்கேதான் ஆழமாக்குவதில் இன்னொரு சிக்கல். இன்று சோதனையில் தேறிய போரை இறக்கிய பிறகு வருவது வேறு விரிசலின் தண்ணீர். பழைய ரிப்போர்ட் அதற்குச் செல்லாது.

சோதனையில் தேறினாலும் குடிப்பதைத் தோட்டத்துப் போரிலிருந்து பிரித்துவிடுவேன். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு முப்பது லிட்டர் போதும், வருடத்துக்கு பதினோராயிரம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் உங்கள் ஊர் மழைக்கு, சேதம் போக, 48,000 லிட்டர் விழுகிறது. ஐப்பசி கார்த்திகையில் பிடித்தது அடுத்த மழைவரை எட்டு மாதம் தாங்கப் பத்தாயிரம் லிட்டர் மூடிய தொட்டி ஒன்று வேண்டும். முதல் மழையை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வைத்து, வெளிச்சமும் கொசுவும் புகாமல் மூடி, காய்ச்சிக் குடியுங்கள். உங்கள் மூன்றரை லட்சத்தில் நிச்சயமாகப் பலன் தரும் செலவு என்று நான் கையெழுத்துப் போட்டுத் தரக்கூடியது இது ஒன்றுதான்.

இத்தனைக்குப் பிறகும் போட்டே ஆகவேண்டும் என்று வீட்டில் முடிவானால், சண்டை போடாதீர்கள்; நிபந்தனையோடு போடுங்கள். புது இடத்தைவிட இருப்பதை இறக்குவது மலிவு, கேசிங் நன்றாக இருந்தால் மட்டும். 300 அடிக்குமேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறும் என்பதால் எத்தனை அடியில் நிறுத்துவது என்று வண்டி வருமுன்பே எழுதி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் புழுதி பறக்கும்போது "இன்னும் ஐம்பது பாக்கலாங்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடிவதில்லை. ஒவ்வொரு கேப்பும் எத்தனையாவது அடியில், எத்தனை இஞ்ச் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஊராட்சியில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். 2003-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013-இல் திரும்பப் பெற்றுவிட்டாலும், ஊராட்சிப் பகுதியில் கிணறு தோண்டுவதற்கான 2015-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. தண்ணீர் வராமல் போனால் வண்டி கிளம்புவதற்குள், அதே ஆட்களை வைத்தே, துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். சாக்கு கட்டி மேலே ஒரு கல் வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதாக நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.